தாலியைக் கழற்றச் சொல்வதற்கு முன்: செவிலியரின் பண்பாட்டுத் திறன் என்றால் என்ன?

காலை ஆறரை மணி, பெண்கள் அறுவை சிகிச்சை வார்டு. அன்று ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் பித்தப்பைக் கல். இரண்டு பேரிடமும் நான் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "நகையெல்லாம் கழட்டிடுங்கம்மா, தாலியும் சேர்த்து." கிராமத்திலிருந்து வந்திருந்த அறுபது வயது அம்மா மறுபேச்சில்லாமல் கழற்றினார். கைக்குட்டையில் முடிந்து மகளிடம் கொடுத்துவிட்டு, "மெட்டி மட்டும் இறுகிக் கிடக்கு சிஸ்டர், சோப்பு போட்டாத்தான் வரும்" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் வங்கி ஊழியர், நாற்பது வயது இருக்கும். கழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பிபி பார்த்தால் 170-ஐத் தாண்டி நின்றது. அன்று அவருடைய ஆபரேஷன் தள்ளிப்போனது.

டூட்டி முடிந்து, நோயாளிகளின் விவரங்களை அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைத்து ஓவர் கொடுக்கும்போது, "படிச்சவங்களே இப்படி இருந்தா என்ன பண்றது" என்று சலித்துக்கொண்டேன். மறுநாள் விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர் எங்கள் வார்டு ஆயாம்மா. அந்தப் பெண்ணின் கணவருக்கு மூன்று வாரத்துக்கு முன் மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, வீட்டில் படுத்திருக்கிறார். அந்த நேரத்தில் தாலியைக் கழற்று என்று சொன்னால் அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? ஆயாம்மாவுக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "கேட்டேன், சொன்னாங்க" என்றார்.

இப்போது செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பண்பாட்டுத் திறன் என்ற தலைப்பு வரும்போதெல்லாம் இந்தக் காலைப்பொழுதில்தான் தொடங்குவேன். ஏனென்றால் இந்தச் சொல்லை எல்லோரும் ஆளுக்கொரு பொருளில் சொல்கிறார்கள். சிலருக்கு அது நோயாளியிடம் சிரித்துப் பேசுவது. சிலருக்கு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் படிக்க வேண்டிய பாடம். சிலருக்கு, நோயாளி என்ன நம்பினாலும் தலையாட்டிவிட்டுப் போவது. மூன்றுமே தப்பு.

முதலில் பொருள்

நோயாளி தன் உடம்பையும் நோயையும் எப்படிப் புரிந்து வைத்திருக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், யாரைக் கேட்டு முடிவெடுக்கிறார், எந்த மொழியில் வலியைச் சொல்கிறார் என்பதையெல்லாம் விசாரித்து அறிந்து, அதற்கேற்ப, மருத்துவத் தரம் குறையாமல், பராமரிப்பை அமைத்துக்கொள்ளும் ஆற்றலுக்குப் பண்பாட்டுத் திறன் என்று பெயர்.

ஊசி போடுவது, கதீட்டர் வைப்பது, டிரிப்ஸ் வேகத்தைக் கணக்கிடுவது போல இதுவும் ஒரு திறன். சிலர் பிறவியிலேயே கனிவானவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கும் இது தானாக வந்துவிடாது. நான் அன்று அந்தப் பெண்ணிடம் கடுமையாகப் பேசவில்லை. "அம்மா" என்றுதான் கூப்பிட்டேன். கனிவுக்குக் குறைவில்லை, விசாரிப்புதான் இல்லை.

புகுந்த வீட்டில் புது மருமகள்

"நோயாளியும் தமிழ், நானும் தமிழ், இதில் என்ன பண்பாட்டு வித்தியாசம்?" என்று மாணவிகள் கேட்பார்கள். கல்யாணமாகி முதல் நாள் புகுந்த வீட்டுக்குள் நுழையும் பெண்ணை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். அதே ஊர், அதே மொழி, பெரும்பாலும் சொந்தமாகக்கூட இருக்கும். ஆனாலும் அந்த வீட்டில் காப்பி எத்தனை மணிக்கு, எந்தத் துணியால் கை துடைப்பது, மாமனார் வரும்போது எழுந்து நிற்க வேண்டுமா, குப்பையை எந்த நேரத்தில் கொட்டக் கூடாது என்று எதுவுமே அவளுக்குத் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும். யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. தப்பு செய்தால்தான் தெரியவரும்.

வார்டுக்குள் நுழையும் நோயாளியின் நிலை அதுதான். ரவுண்ட்ஸ் நேரத்தில் உறவினர் வெளியே போக வேண்டும், பாஸ் இல்லாமல் உள்ளே வர முடியாது, மாத்திரையை இந்த நேரத்தில்தான் தருவார்கள், டாக்டரிடம் இரண்டு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும். இவையெல்லாம் ஆஸ்பத்திரியின் பண்பாடு. நமக்கு அது பண்பாடாகவே தெரிவதில்லை, 'இப்படித்தானே இருக்க வேண்டும்' என்று தோன்றுகிறது. நோயாளியிடம் இருப்பது மட்டும்தான் பழக்கவழக்கம், நம்மிடம் இருப்பது அறிவியல் என்று நினைத்துக்கொள்கிறோம். மாலை ஐந்தரைக்கே இரவுச் சாப்பாட்டைக் கொடுத்து முடிப்பது அறிவியலா என்ன?

ஆக, ஒவ்வொரு கட்டிலருகிலும் குறைந்தது மூன்று பண்பாடுகள் சந்திக்கின்றன: நோயாளியுடையது, செவிலியர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது, ஆஸ்பத்திரியுடையது. வேறு மாநிலத்தவர் வரும்போதுதான் இந்தத் திறன் தேவை என்ற நினைப்பு இங்கேயே உடைந்துவிடுகிறது.

நோய் வேறு, நோவு வேறு

அமெரிக்க மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1970-களில் ஒரு வேறுபாட்டை வலியுறுத்தினார். உடலில் மருத்துவர் கண்டுபிடிக்கும் கோளாறு ஒன்று. அதை நோயாளி அனுபவிக்கும் விதம் இன்னொன்று. தமிழில் இதற்கு வசதியாக இரண்டு சொற்கள் இருக்கின்றன: முதலாவதை நோய் என்றும் இரண்டாவதை நோவு என்றும் வைத்துக்கொள்ளலாம். சின்னம்மை ஒரு நோய். ஆனால் வீட்டில் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'அம்மா வந்திருக்கா' என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள், வீட்டில் தாளிக்க மாட்டார்கள், மூன்றாவது தண்ணீர் ஊற்றும்வரை வெளியே போக மாட்டார்கள். ஆத்தாளுக்குக் கோபம் வந்துவிடும் என்று மருந்தே வேண்டாம் என்பவர்களும் உண்டு. வைரஸ் பற்றி மட்டும் பேசும் செவிலியர் நோயைப் பார்க்கிறார், நோவு அவர் கண்ணில் படவில்லை.

நோயாளி தன் நோவுக்கு வைத்திருக்கும் காரண காரியக் கதையைக் கிளைன்மன் 'விளக்க மாதிரி' என்றார். அதை வெளியே கொண்டுவர அவரும் அவருடைய சகாக்களும் 1978-ல் எட்டுக் கேள்விகளைத் தந்தார்கள். இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள், எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் இப்போது வந்தது, இதில் உங்களுக்கு அதிகப் பயம் எது என்று போகும் அந்தப் பட்டியல்.

நம் ஊரில் இதை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால் வேலைக்கு ஆகாது. "எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன சிஸ்டர் தெரியும், நீங்கதான் சொல்லணும்" என்று பதில் வரும். அது மரியாதை, கூடவே, கேலி செய்துவிடுவார்களோ என்ற பயமும். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். "வீட்ல பெரியவங்க என்ன சொன்னாங்க?", "இங்க வர்றதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணிப் பாத்தீங்க? நாட்டு மருந்து, மந்திரிக்கிறது எதுவா இருந்தாலும் சொல்லுங்க, திட்ட மாட்டேன்." பழியைப் பெரியவர்கள் மேல் போட்டுவிட்டால் பேச்சு தானாக வரும். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி குடித்தது, பக்கவாதத்துக்கு எண்ணெய்க் கட்டுப் போட்டது, மாத்திரை சூடு என்று பாதியில் நிறுத்தியது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். கடைசியாகச் சொன்னது உயிரோடு விளையாடும் சமாச்சாரம். 'சூடு' என்ற ஒரு சொல்லால் நின்றுபோன காசநோய் மாத்திரைகள் எத்தனையோ.

*சுருக்கமாக: கோளாறு நோய், அனுபவம் நோவு. நோவை அறியக் கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்வி கேட்கப்படும் ஊரின் பேச்சுவழக்கில் இருக்க வேண்டும்.*

கேஸ் ஷீட் ஒரு மொழிபெயர்ப்பு

நாம் அதிகம் யோசிக்காத ஒன்றைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் நோயாளி தமிழில் சொல்வதைச் செவிலியர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். அதாவது ஒவ்வொரு கேஸ் ஷீட்டும் ஒரு மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் என்னென்ன நழுவும் என்பதற்கு 'மயக்கம்' ஒன்று போதும். "மயக்கமா வருது" என்றால் தலைசுற்றல். "மயக்கம் போட்டு விழுந்துட்டாரு" என்றால் கொஞ்ச நேரம் நினைவு தப்பியது. "ரெண்டு நாளா மயக்கத்துலயே இருக்காரு" என்றால் அது வேறு ஆபத்து. மயக்க மருந்து இன்னொன்று, போதை மயக்கம் மற்றொன்று. ஐந்தையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் எழுதினால் மருத்துவர் ஐந்தில் ஒன்றைத் தேர்ந்துகொள்வார்.

இப்படி ஒரு சொல் ஒரு வாழ்க்கையையே புரட்டிப்போட்ட வழக்கு 1980-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்தது. 18 வயது இளைஞர் ஒருவரை நினைவிழந்த நிலையில் கொண்டுவந்தார்கள். குடும்பம் கியூபாவிலிருந்து வந்தது, ஸ்பானிஷ் பேசுபவர்கள். 'இன்டாக்சிகாடோ' என்றார்கள். அவர்கள் வழக்கில், சாப்பிட்ட ஏதோ ஒத்துக்கொள்ளாமல் உடம்பு கெட்டுவிட்டது என்று பொருள். ஆஸ்பத்திரியில் அதைப் போதை என்று எடுத்துக்கொண்டு, போதை மருந்து அளவுமீறியதற்கான சிகிச்சையில் இறங்கினார்கள். உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. கைகால்கள் நான்கும் செயலிழந்தன. பிறகு ஏற்பட்ட நஷ்டஈட்டு உடன்பாடு, அவருடைய ஆயுட்காலச் செலவையும் சேர்த்து, சுமார் 7 கோடி டாலர். இதில் என்னை உறுத்துவது, மொழிபெயர்ப்பாளரை யாருமே கேட்கவில்லை என்பதுதான். இரண்டு தரப்பும் தங்களுக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தன.

புரிந்துவிட்டது என்ற நினைப்பு தமிழுக்கும் தமிழுக்கும் இடையிலேயே வரும். ஈழத் தமிழில் வாந்திக்குச் 'சத்தி' என்று பெயர். "விடிய ரெண்டு தரம் சத்தி எடுத்தவர்" என்று ஒரு பெரியவரின் மகள் சொன்னதைக் கேட்ட என் மாணவி, ஏதோ சத்து டானிக் எடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அங்கே தலையிடி என்றால் தலைவலி, தடிமன் என்றால் சளி பிடிப்பது, நோகுது என்றால் வலிக்கிறது. கேரளச் சகோதரிகள் நிறையப் பேர் இங்கே வேலை பார்க்கிறார்கள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். "பனி உண்டா?" என்று கேட்டால் நம் பாட்டி, "சித்திரையில ஏதும்மா பனி" என்பார். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் "நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு" என்று ஒருவர் வந்து நிற்கும்போது சிரிக்க நேரமில்லை. நம் மக்களுக்கு நெஞ்சில் எது அழுத்தினாலும் வாயுதான். பெருங்காயம், ஓமத் தண்ணீர், சோடா எல்லாம் குடித்துவிட்டுத்தான் வருவார்கள். கேஷுவாலிட்டியில் உள்ள செவிலியர் அந்தச் சொல்லை நம்பி உட்காரவைத்தால் மாரடைப்பு கைநழுவும். 'வாயு' என்று காதில் விழுந்ததும் ஈசிஜி எடுக்கத் தோன்றுவதும் பண்பாட்டுத் திறனே.

வலிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போடச் சொல்கிறோம். நம்மவர்களுக்கு எண்ணைவிட வினைச்சொல் சுலபம்: குத்துது, குடையுது, கடுக்குது, எரியுது, பிசையுது, சுருக் சுருக்குன்னு இழுக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைக் காட்டும். முதலில் சொல்லைக் கேளுங்கள், எண்ணைப் பிறகு வாங்கலாம். அந்தச் சொல்லைத் தமிழிலேயே கேஸ் ஷீட்டில் எழுதிவைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று, தலையாட்டல். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் "சரிங்க" என்பார்கள். 'நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், உங்கள்மேல் மரியாதை இருக்கிறது' என்பதுதான் பெரும்பாலும் அந்தச் சரிங்கவின் பொருள். புரிந்ததா என்று தெரிய வேண்டுமானால் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும்: "வீட்டுக்குப் போனதும் மருமக கேப்பாங்கல்ல, இந்த ஊசியை எப்பப் போடணும்னு? என்ன சொல்வீங்க?" சோதிப்பது போலவும் இருக்காது, விஷயமும் தெரிந்துவிடும்.

பட்டியல் மனப்பாடம் ஏன் ஆபத்து

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு யோசனை வரும்: ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டால் என்ன? முஸ்லிம்கள் இப்படி, வடமாநிலத்தவர் அப்படி என்று. அப்படி ஒரு பட்டியலை அச்சிட்டு மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். 2017-ல் பியர்சன் நிறுவனத்தின் செவிலியர் பாடநூல் ஒன்றில், வலியை ஒவ்வோர் இனத்தவரும் மதத்தவரும் எப்படி வெளிப்படுத்துவார்கள் என்று ஒரு பகுதி இருந்தது. கறுப்பினத்தவர் வலியை அதிகமாகச் சொல்வார்கள், யூதர்கள் சத்தம் போட்டு உதவி கேட்பார்கள் என்கிற ரீதியில். படம் இணையத்தில் பரவி, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை விலக்கிக்கொண்டது.

அதைவிட ஆழமான ஒரு நிகழ்ச்சியை மெலனி டெர்வலான், ஜேன் மரே-கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1998-ல் எழுதினார்கள். அறுவை சிகிச்சை முடிந்த லத்தீன் அமெரிக்கப் பெண் ஒருவர் முனகிக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் வந்த லத்தீன் மருத்துவர், இவருக்கு வலி அதிகம் இருப்பது போல் தெரிகிறதே என்கிறார். செவிலியர் மறுத்துவிடுகிறார். நான் இதற்கு வகுப்பு படித்திருக்கிறேன், இவர்கள் இருக்கும் வலியை மிகைப்படுத்திக் காட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும் என்பது அவர் வாதம். பண்பாட்டைப் பற்றிப் படித்ததே அவர் காதை அடைத்துவிட்டது. இதற்கு மாற்றாக அந்த இருவரும் முன்வைத்தது பண்பாட்டுப் பணிவு: எதிரில் இருப்பவரைப் பற்றி அவரைவிட எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, கடைசிவரை கற்றுக்கொண்டே இருக்கும் மனநிலை.

தையல்காரரைப் பாருங்கள். நாற்பது வருட அனுபவம் இருக்கும். ஆளைப் பார்த்ததுமே அளவு சொல்லிவிடுவார். ஆனாலும் டேப்பை எடுத்துத் தோளில் வைக்காமல் துணியை வெட்ட மாட்டார். சமூகங்களைப் பற்றிய பொதுஅறிவு அந்த அனுபவம் மாதிரி. என்ன கேட்க வேண்டும் என்பதை அது சொல்லும். பதில் டேப்பில்தான் இருக்கிறது. ரமலான் மாதத்தில் ஒரு சர்க்கரை நோயாளி வந்தால் நோன்பைப் பற்றிக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். இன்சுலின் நேரத்தையும் அளவையும் மாற்ற மருத்துவரிடம் நோன்பு தொடங்குவதற்கு முன்பே பேச வேண்டியிருக்கும். அவர் நோன்பு வைக்கிறாரா என்பதை நாமே முடிவு செய்துவிடக் கூடாது. என் தாலிக் கதையிலும் பட்டியல் தலைகீழாகத்தான் காட்டியது. கழற்ற மறுப்பார் என்று நான் எதிர்பார்த்தது கிராமத்து அம்மாவை.

பட்டியலுக்கு இன்னொரு முகமும் உண்டு, அது நம் பாடப்புத்தகங்களுக்குள்ளேயே இருக்கிறது. தோல் நீலம் பாய்வது, படுக்கைப்புண்ணின் முதல் கட்டச் சிவப்பு என்று நாம் படித்ததெல்லாம் பெரும்பாலும் வெள்ளைத் தோலை வைத்து எழுதியது. நம் கருப்புத் தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. தொட்டுப் பார்த்து, சுற்றியுள்ள இடத்தைவிட அங்கே சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீலத்தை உதட்டின் உள்பக்கமும் ஈறிலும் தேட வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர்கூடக் கருந்தோலில் ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பது கொரோனா காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது.

எதை விடலாம், எதை வளைக்கலாம், எதை மாற்ற வேண்டும்

"அப்போ நோயாளி சொல்றதுக்கெல்லாம் சரின்னு சொல்லணுமா?" இந்தக் கேள்விக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பதில் தேடத் தொடங்கியவர் மேடலின் லெய்னிங்கர். 1950-களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மனநலச் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கான விடுதியில் செவிலியராக இருந்தார். வெவ்வேறு பின்னணியிலிருந்து வந்த குழந்தைகளுக்குச் சாப்பாடும் தூக்கமும் ஆறுதலும் வெவ்வேறு விதமாகத் தேவைப்படுவதைக் கவனித்தார். தான் படித்த படிப்பில் அதற்கு விடை இல்லை. போய் மானுடவியல் படித்தார். பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் கட்சுப் மக்களோடு தங்கி ஆய்வு செய்தார். 1965-ல் முனைவர் பட்டம் பெற்றார். பண்பாடு கடந்த செவிலியம் என்ற துறையே அவரால் உருவானது. நோயாளியின் பழக்கம் ஒன்று எதிரே வந்தால் செவிலியர் போகக்கூடிய வழிகள் மூன்று என்றார்.

முதலாவது, பேணுதல். கெடுதல் இல்லாததை அப்படியே விடுவது. தலைமாட்டில் திருநீறு, தலையணைக்கடியில் வேதாகமம், கையில் கட்டிய தாயத்து, அம்மை போட்டவர் பக்கத்தில் வேப்பிலை. இதற்கெல்லாம் ஒரு செவிலியர் நேரம் செலவழித்துச் சண்டை போடுவது வீண்.

இரண்டாவது, இணங்குதல். இரண்டு பக்கமும் கொஞ்சம் நகர்வது. ஆபரேஷனில் ரத்தக்கசிவை அடைக்க மின்சாரக் கருவி பயன்படுத்துகிறார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் தீக்காயம் படலாம்; அதனால் தங்கம் கழற்றப்பட்டே ஆக வேண்டும். ஆனால் தாலி என்பது தங்கம்தானா? மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டிக்கொள்வது நம் பெண்களே கண்டுபிடித்த வழி. கழுத்தில் ஆபரேஷன் என்றால் அதைக் கையில் கட்டி டேப் ஒட்டிவிடலாம். தியேட்டர் ஆட்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும். பிரசவித்த பெண்ணுக்கு "பச்சை உடம்பு, தண்ணி குடுக்காதீங்க" என்று வீட்டில் தடுக்கும்போதும் இதே வழி. பச்சைத் தண்ணீர்தானே கூடாது? வெதுவெதுப்பாகச் சீரகத் தண்ணீர் கொடுக்கலாமே. தாய்க்கு வேண்டியது நீர். அது எந்த வாசனையில் போனால் என்ன?

மூன்றாவது, மாற்றுதல். கெடுதல் என்று உறுதியாகத் தெரிந்ததை மாற்றியே ஆக வேண்டும். இதுதான் கடினம். பிரசவ வார்டில் ஒரு காட்சி சொல்கிறேன். குழந்தை பிறந்து இருபது நிமிடம். பாட்டி ஒரு சின்னக் கிண்ணத்தில் தேனோடு நிற்கிறார். சேனை வைக்க வேண்டும். குடும்பத்தில் நல்ல பெயர் எடுத்தவர் கையால் குழந்தையின் நாவில் முதல் இனிப்பு. அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் சில குழந்தைகளுக்கு பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் வரலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் போக வேண்டும், ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிண்ணத்தைப் பிடுங்கலாம், பலரும் அதைத்தான் செய்கிறோம். நாம் அந்தப் பக்கம் போனதும் பாட்டி வைத்துவிடுவார்.

என் சீனியர் ஒருவர் வேறு மாதிரி செய்தார். "பாட்டி, உங்க கை ராசியான கைன்னு உங்க மருமக சொன்னாங்க. நீங்களே குழந்தையத் தூக்கி அம்மா மார்ல வைங்க. முதல் சேனை சீம்பாலா இருக்கட்டும், உங்க கையால போகட்டும்" என்றார். பாட்டி கிண்ணத்தை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனார். சடங்கின் உயிர் தேனில் இல்லை, கையில் இருக்கிறது என்று அந்த சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது. அது தெரியாமல் எதையும் மாற்ற முடியாது.

*சுருக்கமாக: கெடுதல் இல்லையா, விட்டுவிடு. இடம் இருக்கிறதா, வளைந்துகொடு. ஆபத்தா, அந்தப் பழக்கத்துக்குள் இருக்கும் காரணத்தைக் கண்டுபிடித்து அதன் வழியாகவே மாற்று.*

"அவர்கிட்ட சொல்லாதீங்க சிஸ்டர்"

மூன்று வழிகளுக்குள்ளும் அடங்காதவை சில உண்டு. புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்ததும் மகன் ஓடிவந்து, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாரு" என்பார். நோயாளிக்குத் தன் நோயை அறியும் உரிமை உண்டு என்று பாடம் சொல்கிறது. நம் வீடுகளிலோ கெட்ட செய்தியைக் குடும்பம் தாங்கிக்கொள்வதுதான் பாசம். மகனைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைப்பதும் தப்பு, அவர் சொல்லுக்கு அப்படியே கட்டுப்படுவதும் தப்பு. ரிப்போர்ட் வருவதற்கு முன்பே, அட்மிஷன் போடும் அன்றே, நோயாளியிடம் கேட்டுவைப்பது நல்லது: "ஐயா, உங்க உடம்பு பத்தின விவரமெல்லாம் உங்ககிட்டயே சொல்லணுமா, இல்ல வீட்ல யார்கிட்டயாவது பேசுனாப் போதுமா?" சிலர் "பையன்கிட்ட பேசுங்க" என்பார்கள். சிலர் "என் உடம்பு, என்கிட்டதான் சொல்லணும்" என்று நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டும் அவருடைய முடிவு. அதை எழுதிவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டியது நம் வேலை.

இதே காரணத்துக்காகத்தான் வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தக் கூடாது. ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்தில் தமிழ் பேசத் தெரிந்தது பெரும்பாலும் இங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான். அம்மாவின் கருப்பைப் பிரச்சினையைப் பத்து வயதுப் பையன் வழியாகக் கேட்டால் அந்த அம்மா என்ன சொல்வார்?

செவிலியர் மட்டும் மாறினால் போதுமா

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களைச் சேர்ந்த செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் இந்த விவாதத்தை இன்னொரு பக்கம் திருப்பினார். பராமரிப்பு நன்றாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அதைப் பெற்றுக்கொண்டவர் என்றார். நோயாளி தன் அடையாளத்துக்காகச் சிறுமைப்படாமல் இருக்கும் நிலைக்குப் பண்பாட்டுப் பாதுகாப்பு என்று பெயர். 1992 முதல் அது அந்நாட்டின் செவிலியர் கல்வியில் இடம்பெற்றது. இங்கே அதைப் பொருத்திப் பார்த்தால் கொஞ்சம் சுடும். சட்டையைப் பார்த்து 'நீங்க'வா 'நீ'யா என்று முடிவு செய்கிறோம். "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்ற கேள்விக்குள் சாதி விசாரணை ஒளிந்திருப்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். திருநங்கை ஒருவர் வந்தால் எந்த வார்டு என்று எல்லோர் காதிலும் விழும்படி விவாதிக்கிறோம். வேப்பிலையை அனுமதிப்பது சுலபம். இதை மாற்றுவதுதான் பாடு.

நிறுவனமும் மாற வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே பழைய சான்று ஒன்று இருக்கிறது. 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஓர் இரவு. மருத்துவரான தந்தையோடு தங்கியிருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணைத் தேடி, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்தார்கள்: ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் மற்றொரு உயர்சாதி இந்து. மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில். ஆண் மருத்துவர் வரக் கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார்கள். அவர் மருத்துவம் படித்தவரில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனதாகப் பின்னாளில் அவரே சொன்னார். அமெரிக்கா போய் 1899-ல் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஒரு கிளினிக்கைத் தொடங்கினார். 1909-ல் செவிலியர் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அந்த வீடுகளின் கட்டுப்பாட்டைத் திட்டி அவர் காலம் கழிக்கவில்லை. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நுழையக்கூடிய பெண்களை உருவாக்கினார். இன்று வேலூர் ஆஸ்பத்திரி வீதிகளில் நடந்தால் கடைப் பலகைகளில் வங்காள எழுத்தைப் பார்க்கலாம். வங்கத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காக. லாட்ஜ்காரரும் மருந்துக்கடைக்காரரும் யாரும் வகுப்பெடுக்காமலே கற்றுக்கொண்ட பாடம் அது.

நாற்பது கட்டிலுக்கு இரவில் ஒரே ஒரு செவிலியரை நிறுத்திவிட்டு, "எட்டுக் கேள்வி கேட்டாயா?" என்று அவரைக் கேட்பது அநியாயம். அதனால் மாணவிகளிடம் நான் கேட்பது சின்ன விஷயம்தான். அட்மிஷனில் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். கிடைத்த பதிலை மண்டைக்குள் வைத்துக்கொள்ளாமல் எழுதுங்கள். ஓவர் கொடுக்கும்போது பிபி, சர்க்கரை, யூரின் அளவோடு சேர்த்து அதையும் சொல்லுங்கள்.

அந்த வங்கி ஊழியருக்கு நான்காம் நாள் ஆபரேஷன் நடந்தது. முந்தின இரவு டூட்டி சிஸ்டர் எழுதிவைத்த குறிப்பை நான் காலையில் படித்தேன். "பெட் 14. தங்கம் கழற்றியாச்சு, மாமியாரிடம் இருக்கிறது. மஞ்சள் கயிறு இடது கையில், மேலே டேப். தியேட்டர் சிஸ்டரிடம் சொல்லியாச்சு. கணவரோடு போனில் பேசவைத்தேன். பிபி 130/84. தூங்குகிறார்."